மூன்று வேளை காபி அப்படியே, காஃபின் மூன்றில் ஒரு பங்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் 38 வயதுப் பெண். கணக்கு வேலையை வீட்டிலிருந்தே செய்பவர். புகைப்பழக்கம் இல்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நாளுக்கு மூன்று வேளை காபி குடிக்கிறார்: காலை 6.30, முற்பகல் 10.30, மாலை 4.30. கொட்டையாக வாங்கி, குடிக்கும் நேரத்தில் அரைத்து, கூம்பு வடிவக் காகித ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி இறக்குவார். மூன்றிலும் அவருக்கு முக்கியமானது மாலைக் காபி. அன்றைய வேலையை மூடி வைப்பதற்கு அதுதான் அடையாளம்.

எட்டு மாதங்களாக இரவில் தூக்கம் வரவில்லை. 11 மணிக்கு விளக்கை அணைத்தால் கண் அயர 12.30 ஆகும். வாரத்தில் ஐந்தாறு இரவுகள், படுத்ததும் நெஞ்சு படபடக்கும். மருத்துவர் இசிஜி எடுத்தார். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. இரத்த அழுத்தம் மட்டும் 138/88. காபியைக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

“குடிக்கிறது மூணு கப்தான். பத்து வருஷமா ஒண்ணும் செய்யாதது இப்ப மட்டும் என்ன செய்யப் போகுது?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை கிடைக்கத்தான் சில வாரங்கள் ஆயின.

முதல் முயற்சி: ஒரே நாளில் நிறுத்தியது

யாரையும் கேட்காமல் ஒரு திங்கட்கிழமை காபியை அடியோடு நிறுத்தினார். அன்று மாலையே தலை கனத்தது. செவ்வாய் பிற்பகலில் நெற்றி முழுக்க இடித்தது. குமட்டலும் சோர்வும் சேர்ந்துகொண்டன. கணக்கில் ஒரே வரியை நான்கு முறை படிக்க வேண்டியிருந்தது. செவ்வாய் இரவு வீட்டில் இருந்த தலைவலி மாத்திரையில் இரண்டைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் வலி விட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை. வியாழக்கிழமை பழையபடி மூன்று வேளை காபிக்குத் திரும்பினார். காபி இல்லாமல் தன் உடம்பு ஓடாது என்பதே அவர் எடுத்துக்கொண்ட முடிவு.

அந்த மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பிறகு பார்த்தபோது, பாராசிட்டமாலுடன், காபியில் உள்ள ஊக்கப்பொருளான காஃபினும் ஒவ்வொன்றிலும் 65 மி.கி. இருப்பது தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு 130 மி.கி. காஃபின் உள்ளே போயிருக்கிறது. வலி நின்றதற்கும் தூக்கம் போனதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

நடந்தது காஃபின் நிறுத்தத்தின் வழக்கமான போக்குதான். களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் மூளையில் போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகளைக் காஃபின் அடைத்துக்கொள்கிறது. நாள்தோறும் அடைபட்டால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. காஃபின் திடீரென்று நின்றால் அடினோசின் அத்தனையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும், மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும், தலை வலிக்கும். கடைசிக் கப்புக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சம் தொட்டு, 2 முதல் 9 நாளில் அடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற நோய்வகைப்பாட்டு நூலில் 2013 முதல் இது தனி நிலையாகவே இடம்பெற்றிருக்கிறது. எனவே இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது தவறு. அவர் வியாழன் வரை தாக்குப்பிடித்ததே பெரிது.

கவனித்தவை

அடுத்து ஓர் ஊட்டச்சத்து ஆலோசகரிடம் போனார். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், குடிக்கும் அளவை எடைபோட்டு எழுதி வாருங்கள் என்றார் ஆலோசகர். தேவைப்பட்டது 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று மட்டும்.

காலைக் கப்புக்கு “மூன்று கரண்டி” என்பது அவர் கணக்கு. தராசில் அதே மூன்று கரண்டி ஒரு நாள் 13 கிராம், இன்னொரு நாள் 19 கிராம். தலைதட்டி எடுப்பதற்கும் குவித்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. வாரச் சராசரி காலையில் 16 கிராம், மற்ற இரண்டு வேளையும் 12 கிராம். நாளுக்கு மொத்தம் 40 கிராம்.

கொட்டை, அரபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு காபி வகைகளும் சரிபாதி கலந்த கலவை. அரபிகாவில் எடையில் சுமார் 1.2 சதவீதம் காஃபின் இருக்கும். ரொபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம். சரிபாதிக் கலவையில் கிராமுக்கு 17 மி.கி. என்று வைத்துக்கொள்ளலாம். காஃபின் வெந்நீரில் மிக எளிதாகக் கரைவதால் பொடியில் இருப்பது பெரும்பாலும் கோப்பைக்கு வந்துவிடும். முழுதும் இறங்குவதாகவே கணக்கிட்டதில் காலை 272, முற்பகல் 204, மாலை 204, ஆக நாளுக்கு 680 மி.கி. வந்தது. இது உச்சவரம்புக் கணக்கு. உண்மையில் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இதுவே போதும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நலமுள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி. வரையும் ஒரே வேளையில் 200 மி.கி. வரையும் கவலை இல்லை. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200 மி.கி.தான். இந்த உச்சவரம்புக் கணக்கில் இவர் மூன்று வேளையும் ஒரே வேளைக்கான வரம்பைத் தாண்டியிருந்தார். “மூன்று கப்” என்ற சொல் அதை மறைத்துவிட்டது.

இரண்டாவது சந்திப்பில்தான் மருந்துகளைப் பற்றிக் கேட்கப்பட்டது. ஒன்பது மாதங்களாக ஹார்மோன் கலவைக் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். அதைத் தொடங்கிய அடுத்த மாதம் தூக்கம் கெட ஆரம்பித்திருக்கிறது. அவரே கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருந்தது. காஃபினை உடைப்பது கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி. இரத்தத்தில் உள்ள காஃபின் பாதியாகக் குறையப் பொதுவாக 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் அந்த நொதியை மந்தமாக்குவதால் அந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் நீளும். புகைப்பவர்களுக்கு நேர்மாறாக, காஃபின் வேகமாக வெளியேறும். அவர்கள் புகையை நிறுத்தும்போது, வழக்கமான காபியே திடீரென்று தூக்கிப்போடுவதற்கும் காரணம் இதுதான்.

இரவு 11 மணிக்கு உடம்பில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். 5 மணி நேரப் பாதிக்காலம் என்றால் மூன்று வேளையும் சேர்ந்து சுமார் 147 மி.கி. அதுவே 10 மணி நேரம் என்றால் சுமார் 303 மி.கி. காபி மாறவில்லை, படுக்கைக்குப் போகும்போது உடம்பில் இருக்கும் காஃபின் இரட்டிப்பாகிவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வேளையைக் குறைப்பதில்லை என்பது. மணம், சூடு, கையில் கோப்பையோடு உட்காரும் பத்து நிமிடம் ஆகியவைதான் அவர் காபியில் தேடுபவை. அவற்றைப் பிடுங்கினால் திட்டம் இரண்டாம் வாரம் தாண்டாது. கப்புக்குள் இருக்கும் பொடியில் ஒரு பகுதியை மட்டும் டிகாஃப், அதாவது காஃபின் நீக்கிய பொடியாக, எடைக்கு எடை, மாற்றுவதென்று முடிவானது. மொத்தப் பொடியும் தண்ணீரும் மாறாததால் கெட்டித்தன்மை குறையாது.

பலரும் முயலும் வேறு சில வழிகள் காரணத்தோடு ஒதுக்கப்பட்டன. பால் கூட்டுவதால் காஃபின் குறையாது. கருக வறுத்த கொட்டையில் காஃபின் குறைவு என்பதும் எடைக்கு எடை பார்த்தால் நிற்காது. சீக்கிரம் வடித்து நிறுத்தினால் காஃபின்தான் முதலில் இறங்கியிருக்கும். பின்னால் வரவேண்டிய இனிப்பும் கெட்டித்தன்மையும்தான் இழப்பு. குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைக்கும் முறையில் பொடி அதிகம் போடுவதால், கப்புக்கு வரும் காஃபின் கூடவும் செய்யலாம்.

ஒரு படிக்கு 100 மி.கி.க்கு மேல் குறைப்பதில்லை, ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஐந்து நாள் நிற்பது என்று விதி வகுக்கப்பட்டது. நாளுக்கு 100 மி.கி. மட்டும் குடித்து நிறுத்துபவர்களுக்கே தலைவலி வருவது ஆய்வுகளில் பதிவாகியிருப்பதால் அந்த எண். மாலைக் கப்பில் தொடங்கியதற்குக் காரணம் தூக்கம். காலைக் கப் கடைசிக்கு வைக்கப்பட்டது. இரவு முழுக்கக் காஃபின் இல்லாமல் இருந்த உடம்பு அதிகம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

டிகாஃபில் ரசாயனம் இருக்குமோ என்று அவர் தயங்கினார். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஃபிரீட்லீப் ருங்கே 1819-இல் காபிக் கொட்டையிலிருந்து காஃபினைப் பிரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெமன் நகரின் லுட்விக் ரோசேலியுஸ் முதல் வணிக டிகாஃபைக் கொண்டுவந்தார். அவர் பயன்படுத்திய கரைப்பான் பென்சீன். புற்றுநோய் உண்டாக்கும் அது கைவிடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. இன்று தண்ணீர், அழுத்தப்பட்ட கரியமில வாயு, எத்தில் அசிட்டேட், மெத்திலீன் குளோரைடு ஆகியவை பயன்படுகின்றன. கடைசியாகச் சொன்னது 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவது. வறுப்பதோ 200 டிகிரிக்கு மேல். இருந்தாலும் அவருடைய மன நிம்மதிக்காகத் தண்ணீர் முறையில் காஃபின் நீக்கிய கொட்டையே தேர்வானது. டிகாஃபில் காஃபின் அறவே இருக்காது என்று நினைக்கக் கூடாது. ஐரோப்பாவில் வறுத்த டிகாஃபுக்கு உள்ள வரம்பு 0.1 சதவீதம். கணக்கில் கிராமுக்கு 1 மி.கி. என்று சேர்க்கப்பட்டது.

மருத்துவரிடமும் திட்டம் காட்டப்பட்டது. இவருக்குத் தடை ஏதும் இல்லை. லித்தியம் மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் இதைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. காஃபின் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவது குறைந்து, இரத்தத்தில் அதன் அளவு ஏறும்.

பின் நடந்தவை

1 முதல் 5-ஆம் நாள் வரை: மாலைக் கப்பில் 6 கிராம் பழைய கலவை, 6 கிராம் டிகாஃப். நாள் மொத்தம் 584 மி.கி. உடம்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

6 முதல் 10-ஆம் நாள் வரை: மாலைக் கப் முழுவதும் டிகாஃப். மொத்தம் 488. தலைவலி இல்லை. பிரச்சினை சுவையில் வந்தது. வழக்கமாக 3 நிமிடத்தில் இறங்கும் 12 கிராம் டிகாஷன், இப்போது நாலரை நிமிடம் இழுத்தது. பொடியின் மேல் சேறு போல் ஒரு படலம் நின்றது. கசப்பு நாக்கின் பின்புறத்தில் தங்கியது. காஃபின் நீக்கும்போது ஊறி உலர்ந்த கொட்டை எளிதில் நொறுங்கும். அரைக்கும்போது மாவுத் தூள் அதிகம் விழுந்து காகிதத் துளைகளை அடைக்கும். கிரைண்டரை இரண்டு புள்ளி கரகரப்பாக வைத்தார். தண்ணீரை ஐந்து தடவையாக ஊற்றுவதை விட்டு, முதலில் 30 மி.லி. நனைத்து முக்கால் நிமிடம் கழித்து, மீதியை இரண்டே தடவையில் மெல்ல ஊற்றினார். நீரின் சூடு 94-லிருந்து 91 டிகிரிக்கு இறங்கியது. நேரம் 3 நிமிடம் 10 விநாடிக்கு வந்தது, கசப்பு போனது. ஆனால் இப்போது சப்பென்று இருந்தது. அதற்குத் தீர்வு மேலும் நைசாக அரைப்பதில்லை. 12 கிராமை 13 ஆக்கியதும் சரியானது. காஃபின் கூடுவது 1 மி.கி. மட்டும் என்பதால், பின்வரும் கணக்கிலும் அந்தக் கப் 12 மி.கி. என்றே வைக்கப்பட்டது.

11-ஆம் நாள் தவறு நடந்தது. அடுத்த படி, முற்பகல் கப்பை மட்டும் முழு அரபிகாவுக்கு மாற்றுவது. அன்று பழைய கலவைப் பை தீர்ந்துபோனது. இன்னொரு பை வாங்க மனமில்லாமல், காலைக் கப்பையும் சேர்த்தே அரபிகாவாக்கிவிட்டார். மொத்தம் 488-லிருந்து 348-க்கு, ஒரே நாளில் 140 மி.கி. இறங்கியது. 12-ஆம் நாள் பிற்பகல் தலைவலி வந்தது. கைக்கு எட்டியது அதே பழைய மாத்திரை அட்டை. இரவு எட்டரைக்கு இரண்டு போட்டார். அன்று 1 மணி வரை தூங்கவில்லை. மறுநாள் ஆலோசகர் அதைக் காஃபின் இல்லாத வெறும் பாராசிட்டமாலுக்கு மாற்றச் சொன்னார். பின்னோக்கிப் போகாமல் அதே அளவில் 18-ஆம் நாள் வரை நிற்பதென்று முடிவானது. தலைவலி 14-ஆம் நாளோடு அடங்கியது.

19 முதல் 23-ஆம் நாள் வரை: முற்பகல் கப்பில் 8 கிராம் அரபிகா, 4 கிராம் டிகாஃப். மொத்தம் 304. இந்த நாட்களில் ஒரு புதிர். ஒரே அளவு குடித்தும் சில நாள் கை நடுங்கியது, சில நாள் இல்லை. வேலையை எளிதாக்க, இரண்டு கொட்டையையும் ஒரே ஜாடியில் கொட்டிக் குலுக்கி வைத்திருந்தார். டிகாஃப் கொட்டை வறுத்த பின் அதிகக் கருப்பாக இருக்கும் என்பதால் சோதிப்பது எளிது. மேலிருந்து 12 கிராம் அள்ளி வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிரித்தபோது, 7 கிராம் டிகாஃப். 4 இருக்க வேண்டியது. ஜாடியின் அடியிலிருந்து எடுத்த 12 கிராமில் டிகாஃப் 2 கிராம்கூட இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியது அடுக்காகவே நின்றிருந்தது. அன்றிலிருந்து இரண்டு ஜாடி. ஒவ்வொரு வேளையும் தராசில் கிண்ணத்தை வைத்து, முதலில் அரபிகா, பிறகு டிகாஃப் என்று தனித்தனியாக எடைபோட்டு ஒன்றாக அரைத்தார். கூடுதலாகப் பிடிக்கும் நேரம் அரை நிமிடம்.

24 முதல் 28-ஆம் நாள் வரை காலைக் கப் 12 கிராம் அரபிகா, 4 கிராம் டிகாஃப், மொத்தம் 260. 29-ஆம் நாளிலிருந்து முற்பகல் கப் 4 கிராம் அரபிகா, 8 கிராம் டிகாஃப். மொத்தம் 216 மி.கி. அங்கேயே நிறுத்தப்பட்டது.

விளைவு

எட்டாம் வார முடிவில், 11 மணிக்குப் படுத்தால் 11.30-க்குள் தூங்கிவிடுகிறார். படபடப்பு இரண்டு வாரத்துக்கு ஒரு இரவு. இரத்த அழுத்தம் 130/84. அந்த மாதங்களில் மாலை நடையையும் தொடங்கியிருந்ததால் இதை முழுக்கக் காஃபின் கணக்கில் எழுதவில்லை. இரவு 11 மணிக்கு உடம்பில் மிஞ்சுவது, 10 மணி நேரப் பாதிக்காலத்தில், 303-லிருந்து சுமார் 78 மி.கி. ஆகியிருந்தது.

எல்லாமே சரியாகவில்லை. விடியற்காலை 4 மணிக்கு விழிப்பு வருவது அப்படியே இருந்தது. மருத்துவர் அதைத் தனியாகப் பார்க்கிறார். முதல் மூன்று வாரம் காலை வேலையில் மந்தம் இருந்ததையும் அவர் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மாலைக் காபி நிலைத்தது. ஒரு நாள் உறவினர் தெரியாமல் பழைய ரொபஸ்டாக் கலவையில் போட்டுக் கொடுத்ததைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார், கசப்பு ஒத்துவரவில்லை. நாக்கு பழகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

ஐந்தாம் மாதம், வேறு காரணத்துக்காக, மருத்துவர் யோசனைப்படி கருத்தடை முறையை ஹார்மோன் இல்லாததற்கு மாற்றினார். அடுத்த வாரம் பிற்பகலில் கண்ணைச் சொக்கியது. லேசான தலைவலி மூன்று நாள் இருந்தது. நொதி பழைய வேகத்துக்குத் திரும்பி, அதே 216 மி.கி. சீக்கிரம் கரைந்துபோவதோடு இது பொருந்துகிறது. முற்பகல் கப்பில் 2 கிராம் அரபிகாவைக் கூட்ட அவர் விரும்பினார். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் ஆலோசகர். நான்காம் நாளே சொக்கல் போனதால் கூட்ட வேண்டிய தேவை எழவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மருந்துப் பட்டியலை முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். கருத்தடை மாத்திரை மட்டுமல்ல. சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, ஃபுளுவாக்சமின் என்ற மனநல மருந்து ஆகியவையும் அதே நொதியைத் தடுப்பவை. அதே பட்டியலில் தலைவலி, சளி மாத்திரைகளின் அட்டையையும் திருப்பிப் பார்த்து, காஃபின் உள்ளவற்றைத் திட்டம் தொடங்கும் முன்பே வீட்டிலிருந்து அகற்றியிருந்தால், 12-ஆம் நாள் இரவு கெட்டிருக்காது.

கொட்டையின் இருப்பையும் படிகளோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். பழைய கலவை எத்தனை நாளுக்கு எத்தனை கிராம் தேவை என்று முதலிலேயே கூட்டிப் பார்த்திருந்தால் பை நடுவழியில் தீர்ந்திருக்காது. சரிபாதிக் கலவையிலிருந்து முழு அரபிகாவுக்கு மாறுவது சுவை மாற்றமாகத் தோன்றினாலும், 16 கிராம் கப்பில் அது 80 மி.கி. குறைப்பு. அதைத் தனிப் படியாகவே எண்ண வேண்டும்.

டிகாஃபை முதலில் ஒரு கிலோவாக வாங்கியதும் பிழை. காஃபின் நீக்கிய கொட்டையில் எண்ணெய் சீக்கிரம் மேலே கசிந்து, மணம் விரைவில் போய்விடுகிறது. ஐந்தாம் வாரம் வந்தபோது மிச்சமிருந்த கொட்டையில் அட்டை வாசனை அடித்தது. நாளுக்கு 25 கிராம் செலவு என்பதால், இப்போது வறுத்த தேதி பார்த்து 250 கிராம் பையாகப் பத்து நாளுக்கு ஒன்று வாங்குகிறார்.